வேன் வேண்டாம் என்று சொன்னது நான்தான்

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். வயது இருபத்தெட்டு. இந்த வேலையில் அதுதான் முறை. எம்.பி.யின் பதவிக்காலம் முடிகிற அன்று உதவியாளரின் வேலையும் முடிந்துவிடும். சால்வை கிடையாது, சுவர்க் கடிகாரம் கிடையாது. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்து ஒரு கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. புதிய எம்.பி.யின் அலுவலகத்தில் நீங்கள் நான்கு பேர் சேர்ந்திருப்பதாகவும், "அந்தப் பழைய பொண்ணு ஏதாவது எழுதிக் குடுத்தா நல்லா இருக்கும்" என்று கேட்டதாகவும் கேள்விப்பட்டேன். பழைய பொண்ணு எழுதுகிறேன்.

மனுவுக்கு எண் போடுவது, எந்தக் கடிதம் எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் ஒரே வாரத்தில் உங்களுக்கே பழகிவிடும். தொலைபேசியில் யார் கத்தினாலும் எழுத்து மாறாமல் குறிப்பெடுக்க இன்னும் ஒரு வாரம் ஆகும். இங்கே நான் சொல்ல வந்தது வேறு. என் வாயால் ஒரு தவறு நடந்தது. அதற்கு விலை கொடுத்தவர் நான் இல்லை.

முதலில் எங்கள் எம்.பி. பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அலுவலகத்தில் அவர் மேடம். தொட்டியத்தில் வாழை போடுகிற வீட்டில் பிறந்தார், திருச்சியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை பார்த்தார், அங்கே தொழிற்சங்கம், சங்கத்திலிருந்து கட்சி, பிறகு மாநகராட்சி கவுன்சிலர். மக்களவைக்கு மூன்று முறை நின்று ஒரு முறை ஜெயித்தார். கடைசியாக மாநிலங்களவையில் ஆறு வருடம். முப்பது வருட அரசியலை நான்கைந்து வரியில் அடக்கிவிட்டேனே என்று நினைக்காதீர்கள். கட்சி மலரில் அவருக்கு அரை வரிதான் கிடைத்தது, அதிலும் தொகுதிப் பெயர் தப்பு.

எங்கள் அலுவலகம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. கீழே எவர்சில்வர் குடம் தட்டுகிற சத்தத்துக்கு இடையில் மேலே மத்திய அரசுக்குக் கடிதம் எழுதுவோம். வைகுண்ட ஏகாதசி நெருங்கினால் சொர்க்கவாசல் பாஸ் கேட்டு மாடிப்படி முழுக்க ஆள் நிற்கும். மேடம் யாருக்கும் பாஸ் வாங்கித் தந்ததில்லை. "பெருமாளுக்கும் உங்களுக்கும் நடுவுல நான் எதுக்குங்க" என்பார். வந்தவர்கள் அதே படியில் இறங்கிப் போவார்கள்.

ஒரு விஷயத்தை நீங்களும் பார்க்கத்தான் போகிறீர்கள். காரிலிருந்து மேடம் இறங்குவார், டிரைவர் ஆரோக்கியராஜ் அண்ணனும் இறங்குவார். மனு கொண்டுவந்தவர் நேராக அண்ணனிடம் போய் நீட்டுவார்.

"எம்.பி. நான் இல்லீங்க. அவங்க."

"தெரியுங்க. நீங்க சொன்னா கேப்பாங்கல்ல."

அண்ணன் வெள்ளைச் சட்டை போடுவதால்தான் இப்படி என்று நான் கண்டுபிடித்துச் சொன்னேன். மேடம் ஒரு மாதம் அவரைக் கட்டம் போட்ட நீலச் சட்டையில் வரச் சொன்னார். மக்கள் நீலச் சட்டையிடம் மனு கொடுத்தார்கள். "சட்டையப் போய் சொன்னியே" என்று மேடம் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அண்ணனைப் பழையபடி வெள்ளைக்குப் போகச் சொன்னார்.

இதனால் அலுவலகத்தில் ஒரு விதி. மனுவை மேடம்தான் கையில் வாங்குவார். வாங்கியதும் அதில் உள்ளதைத் தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்வார். டெலிபோன் ஆபரேட்டர் பழக்கம். கேட்ட நம்பரைத் திருப்பிச் சொல்லி, அந்தப் பக்கம் ஆமாம் என்ற பிறகுதான் அந்தக் காலத்தில் இணைப்புக் கொடுப்பார்களாம். மேடம் இல்லாத நாட்களில் அதை நான் செய்ய வேண்டும். கொண்டுவந்தவர் "ஆமா" என்று சொல்லும்வரை எண் போடக் கூடாது.

எனக்கு அது நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றியது. நான் இன்ஜினியரிங் படித்தவள், ஒரு பக்கத்தை அரை நிமிடத்தில் படிப்பேன். சேர்ந்த புதிதில் பொன்மலையிலிருந்து ஒரு ரிட்டயர்டு ஃபிட்டர் நான்கு பக்க மனு கொண்டுவந்தார். சரசரவென்று படித்து, "உங்களுக்குப் பென்ஷன் பாக்கி வரணும், சரிங்களா?" என்றேன்.

"இல்ல."

"மூணு பக்கம் அதானே எழுதிருக்கீங்க?"

"அது கெடக்குமா. நாலாவது பக்கம் படி. மருமவ என்கூடப் பேச மாட்டேங்குது."

அந்த மனுவை எந்தத் துறைக்கு அனுப்புவது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேடம் அவரை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினார். பென்ஷனை நான் பார்த்துக்கொண்டேன்.

இனி ரயில். லால்குடிக்கு இந்தப் பக்கம் ஒரு சிற்றூர். அதன் பெயரை எழுதினால் உடனே யாராவது மாலையோடு பெருமை கொண்டாடக் கிளம்பிவிடுவார்கள், அதனால் ரயில்வேக்காரர்கள் சின்ன நிறுத்தத்தைச் சொல்வதுபோல ஹால்ட் என்றே சொல்கிறேன். அங்கிருந்து பதினான்கு பெண்கள் தினமும் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வேலைக்குப் போகிறார்கள். வார்டு கூட்டித் துடைப்பது, துணி மாற்றுவது. காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட். விடியற்காலைப் பாசஞ்சரில் ஏறினால் சரியாக இருக்கும். கால அட்டவணை மாறியபோது அந்த ரயிலுக்கு அங்கே நிறுத்தம் இல்லாமல் போயிற்று. மெயின் ரோடு இரண்டு கிலோமீட்டர். அங்கே முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்வதற்குள் இங்கே ஷிஃப்ட் தொடங்கிவிடும். அதனால் பதினான்கு பேரும் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொண்டார்கள். வேனுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவது சொற்பம். ரயில் வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியேறி வந்தார்கள். முன்னால் வந்தவர் செல்வி. நாற்பது வயதிருக்கும். மூச்சு வாங்க உட்காராமலே பேசினார்.

"வண்டி நிக்கிறதில்லைங்க. ஆனா பாலம் கிட்ட வர்றதால மாடு மாதிரி நடந்து வருது. எங்க முன்னாடிதான் நடந்து போவுது. ஜன்னல்ல ஒக்காந்திருக்கறவங்க 'என்னக்கா, வேலைக்கா'ன்னு கேக்குறாங்க. ஆமாங்க, ஆஸ்பத்திரிலங்க, பதினாலு பேருங்கன்னு நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் வண்டி அங்கதான் இருக்கு. நிக்க மட்டும் மாட்டேங்குது."

"ஏறிப் பாத்தீங்களா?" என்றார் மேடம்.

"ஒரு தடவ பூங்கொடி கம்பியப் புடிச்சுச்சுங்க. போலீஸு சத்தம் போட்டுச்சு. நடக்குற வண்டியா இருந்தாலும் ஓடுற வண்டின்னுதான் கேசாம்."

மேடம் திருப்பிச் சொன்னார். "வண்டி உங்க ஹால்ட்ல நடந்து போகுது. ஏறினா கேஸு. நின்னா நீங்க வேலைக்குப் போவீங்க."

"ஆமாங்க."

நான் குறிப்பேட்டில் எழுதியது: பாசஞ்சர் நிறுத்தம் கோருதல். மாடு, நடை, ஜன்னல் எதையும் எழுதவில்லை. அரசாங்கக் காகிதத்தில் மாடு நடக்கக் கூடாது என்று நினைத்தேன்.

அப்போது எங்கள் பதவிக்காலத்தில் இன்னும் சில மாதங்கள்தான் மிச்சம். கூட்டத்தொடர் வந்தது. அவையில் அமைச்சர் வாயால் பதில் வாங்குகிற கேள்விகளுக்குக் குலுக்கல் உண்டு. குலுக்கலில் பெயர் வந்தாலும் முதல் ஐந்துக்குள் வந்தால்தான் உண்டு, அதற்குக் கீழே போனால் நேரம் முடிந்துவிடும். ஆறு வருடத்தில் மேடத்தின் கேள்வி ஒருமுறைகூட வாயால் கேட்கும்படி ஆனதில்லை. ஒருமுறை பதின்மூன்றாவது. இன்னொருமுறை இரண்டாவது, அன்று அவை ஒத்திவைப்பு. நான் அந்த ஹால்ட்டைப் பற்றி ஒரு கேள்வி எழுதி அனுப்பினேன். பட்டியல் வந்தது. மூன்றாவது.

நான் குதித்தேன். பட்டியலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். அமைச்சர் பதில் சொன்னதும் உறுப்பினர் எழுந்து கேட்கிற துணைக் கேள்வியை ஒரு முழுப் பக்கத்துக்குத் தயாரித்தேன். எத்தனை பயணிகள், எத்தனை ஊர்கள், பக்கத்து மாவட்டத்தில் எங்கே எப்படி நிறுத்தம் கொடுத்திருக்கிறார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. என் கல்லூரி புராஜெக்ட்கூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

அந்த வாரம் செல்வி போன் செய்தார்.

"பாப்பா, வேன்காரருக்கு லால்குடில ஒரு ஸ்கூல்ல கூப்புடுறாங்களாம். நாம இருக்கோம்னு சொன்னா அத விட்டுருவாரு. இல்லன்னா ஒண்ணாந்தேதிலேர்ந்து அங்க போயிருவாரு. என்ன சொல்ல?"

"வேன் வேண்டாம்க்கா. விட்டுடுங்க. ரயில் நிக்கப் போகுது."

"மேடம் சொன்னாங்களா?"

"ஆமா."

மேடம் சொல்லவில்லை. வேன்காரர் கேட்டது மேடத்துக்குத் தெரியவே தெரியாது. யாரையும் ஏமாற்ற நினைத்து நான் அதைச் சொல்லவில்லை. ரயில் நின்றுவிட்டதாக என் மனதில் எப்போதோ முடிவாகியிருந்தது. ஒரு சின்னச் சம்பிரதாயம்தான் பாக்கி என்று நினைத்தேன். எம்.பி. அலுவலகத்தில் உட்கார்ந்து சொல்கிற ஆமா உங்களுடையது இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.

வேன் போய்விட்டது. நான் மேடத்தோடு டெல்லி போனேன்.

கேள்வி வருகிற நாள் காலை ஏழரை மணிக்குச் செல்வியின் அழைப்பு. மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு பேசினார். பஸ் பிடித்து வந்ததில் இரண்டாவது நாளாக எல்லோரும் லேட். மூன்றாவது நாளும் லேட்டானால் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். "நாளைக்கு நிக்குமா பாப்பா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மேடம் கண்ணாடி முன் கொண்டை போட்டுக்கொண்டிருந்தார். வாயில் நான்கு ஹேர்பின். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பின்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செருகினார். நான்காவது பின் உள்ளே போன பிறகு திரும்பினார்.

"என் பேரச் சொன்னியா?"

"சொன்னேன் மேடம்."

"எத்தன பேரு?"

"பதினாலு."

"நம்ம வண்டில எத்தன பேரு போலாம்?"

"டிரைவர் இல்லாம ஏழு."

"ரெண்டு நட." அவர் ஆரோக்கியராஜ் அண்ணனுக்குப் போன் போட்டார். நாளை முதல் விடியற்காலை ஹால்ட்டுக்குப் போக வேண்டும், ஏழு ஏழு பேராகத் திருச்சியில் இறக்க வேண்டும், ஏழு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால். அண்ணன் அதைத் திருப்பிச் சொன்னார். பிறகு கேட்டார்: "எம்.பி. போர்டக் கழட்டிரவா மேடம்?"

"எதுக்கு? அவங்களும் வேலைக்குத்தான போறாங்க."

போனை வைத்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"திட்டுங்க மேடம்."

"அதுக்கு நேரம் இல்ல. கேள்வி எத்தனாவது?"

"மூணு."

"அப்ப கேட்டுருவோம். கார் எத்தன நாளைக்கு ஓடும்? பதவி போனா காரும் நானும் தொட்டியத்துக்குப் போயிருவோம். அதுக்குள்ள வண்டி நிக்கணும்."

அதுவரை எல்லாம் சுலபமாக இருந்தது. பத்து மணிக்குக் கட்சி எம்.பி.க்களின் கூட்டம். அன்று பன்னிரண்டு மணிக்குக் கேள்வி நேரம் தொடங்கியதும் எல்லோரும் அட்டை பிடித்துக்கொண்டு அவையின் நடுவே போக வேண்டும், அவையை நடத்தவிடக் கூடாது என்று முடிவு. காரணம் நியாயமானதுதான். எழுதினால் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். நான் வெளியே நடைக்கூடத்தில் நின்றிருந்தேன். மேடமும் கட்சியின் அவைக் குழுத் தலைவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். அவர் மேடத்தைவிடப் பத்து வயது இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அர மணி நேரம் தள்ளி ஆரம்பிங்க. என் கேள்வி முடிஞ்சிரும்."

"ஒரு ஹால்ட்டுக்காகவாக்கா?"

"ஆமாப்பா, ஒரு ஹால்ட்டுக்காகத்தான்."

"தலைமை பன்னெண்டுன்னு சொல்லியாச்சு. அதுவும் உங்க பேரு மறுபடி வேட்பாளர் லிஸ்ட்டுல வரணும்னு பேசிக்கிட்டிருக்கற நேரம். தம்பியா சொல்றேன்."

"தம்பியாவே கேட்டுக்க. நீங்க எல்லாரும் போங்க. நான் எடத்துல உக்காந்திருப்பேன்."

அவர் சிரித்தபடியே போனார். மேடம் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். "தலைமைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுறலாமே மேடம்" என்றேன்.

"கேட்டா வேணாம்பாங்க. வேணாம்னு சொன்னதுக்கப்புறம் உக்காந்தா அது வேற கேஸு."

பன்னிரண்டு மணிக்கு நான் பார்வையாளர் மாடத்தில் இருந்தேன். அங்கே கையில் பேனாகூட வைத்துக்கொள்ள முடியாது, கடிக்க நகம்தான் இருந்தது. மணி அடித்ததும் எங்கள் கட்சிக்காரர்கள் அட்டைகளோடு இறங்கினார்கள். சத்தம். அவைத் தலைவர் உடனே ஒத்திவைப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அன்று அவருக்கு என்ன தோன்றியதோ, ஒத்திவைக்காமல் கேள்விகளை எடுத்தார். முதல் கேள்விக்காரர் அட்டையோடு நடுவில் நின்றார், தன் இடத்துக்குத் திரும்பவில்லை. இரண்டாவது கேள்விக்காரர் சத்தத்தில் தன் பெயரைக் கூப்பிட்டதையே கவனிக்கவில்லை. இரண்டு நிமிடத்துக்குள் மூன்றாவது வந்துவிட்டது.

மேடம் எழுந்து கேள்வி எண்ணைச் சொன்னார். பதில் மேஜை மேல் வைக்கப்பட்டிருக்கிறது என்றார் அமைச்சர். அந்தப் பதில் எனக்கு மனப்பாடம். நிறுத்தம் தருவது இப்போதைக்குச் சாத்தியமில்லை. துணைக் கேள்வி கேட்கலாம் என்று அவைத் தலைவர் கை காட்டினார். மேடத்துக்கும் அவருக்கும் நடுவில் எங்கள் கட்சியின் அட்டை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. மேடம் அதைக் கையால் ஒதுக்கினார். "கொஞ்சம் தள்ளிப் புடிப்பா" என்றது மைக்கில் கேட்டது. அவைக் குறிப்பில் அது இல்லை, தேடிப் பார்த்தேன்.

என் ஒரு பக்கம் நான்காக மடித்து அவர் கையில் இருந்தது. அவர் அதைப் பிரிக்கவில்லை. தமிழிலேயே கேட்டார்:

"அந்த வண்டி அந்த ஹால்ட்டுக்கு முன்னால் மாடு மாதிரி நடந்துதான் போகிறது. பதினான்கு பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நடந்து போகிற வண்டி ஒரு நிமிடம் நின்றால் யாருக்கு என்ன நஷ்டம்?"

மொழிபெயர்ப்பு காதுக் கருவியில் போய்ச் சேர இரண்டு விநாடி ஆயிற்று. அமைச்சர் சிரித்தார். பின்னால் இருந்த அதிகாரிகள் கோப்பைப் புரட்டினார்கள். உண்மையில் நடக்கிற வேகத்தில்தான் போகிறது என்றால் நிறுத்துவதில் சிரமம் இருக்க வேண்டியதில்லை, பார்க்கச் சொல்கிறேன் என்றார் அமைச்சர். மேடம் உட்கார்ந்தார். அவைத் தலைவர் அவையை ஒத்திவைத்தார்.

வெளியே வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி: "என் பக்கத்தப் படிக்கவே இல்லையா மேடம்?"

"படிச்சேன். நல்லா எழுதிருக்க. அதுல இருந்த எல்லாத்துக்கும் அவங்ககிட்ட ரெண்டு பக்கம் பதில் இருந்துச்சு. மாட்டுக்குப் பதில் தயார் பண்ணிருக்கல."

அவையில் அமைச்சர் "பார்க்கச் சொல்கிறேன்" என்றால் அதை உறுதிமொழிக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். நிறைவேற்றினீர்களா என்று கேட்க அதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. நீங்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு திங்கட்கிழமைதோறும் அவைக் குறிப்பின் அந்தப் பக்கத்தை இணைத்து ஒரு கடிதம் அனுப்பினேன். கடிதத்தில் ஒரே வரி. மாட்டை விடவில்லை.

கட்சியிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. பதிலை நான் மூன்று பக்கம் எழுதினேன். மேடம் அதை ஓரமாக வைத்துவிட்டு, "கேள்வி என் பெயரில் இருந்தது, எழுந்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேட்பாளர் பட்டியல் வந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. நாங்கள் இருவரும் அதை டி.வி.யில்தான் பார்த்தோம். அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"என்னாலதான் மேடம். நான் வேன் வேண்டாம்னு சொல்லலன்னா நீங்களும் எல்லாரோடயும் எந்திரிச்சுப் போயிருப்பீங்க."

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். "போயிருப்பேனா இல்லையான்னு எனக்கே தெரியல. அதனால இன்னொரு தடவ அதக் கேக்காத."

நான் அதன் பிறகு கேட்கவில்லை. இப்போது எழுதியதும் கேட்டதாக ஆகாது.

இதற்கிடையில் கார் ஓடியது. முன் சீட்டில் செல்வி உட்காருவார். ரயில்வே கேட்டில் நிற்கும்போது எம்.பி. போர்டைப் பார்த்து ஆட்கள் வருவார்கள். டிரைவர் பக்கம் கேட் சுவர் இடிக்கும், அதனால் இந்தப் பக்க ஜன்னலில் மனுவை நீட்டினார்கள். நான் எம்.பி. இல்லை என்று செல்வி இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது நாள் வாங்கிக்கொண்டார். வாங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும், எங்கள் மாடியில் பார்த்திருக்கிறார்.

"ரேஷன் கார்டுல மாமியா பேரு தப்பா இருக்கு. மூணு தடவ போயாச்சு. சரிங்களா?"

"ஆமா தாயி."

வாரக் கடைசியில் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து என் மேஜையில் வைப்பார். ஒன்றைக்கூட நான் திருத்த வேண்டியிருக்கவில்லை. "ஆறு வருசத்துல ரோட்டுல குடுத்த மனு நேரா பொம்பள கைக்குப் போனது இப்பத்தான்" என்றார் ஆரோக்கியராஜ் அண்ணன். தன் பக்கம் யாரும் வராததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஆறு மாதத்துக்குச் சோதனை முறையில் ஒரு நிமிட நிறுத்தம் என்று உத்தரவு வந்தபோது எங்கள் பதவிக்காலம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரமும் கார் போர்டு இல்லாமல் ஓடியது. முதல் நாள் போகலாமா என்று கேட்டேன். "கூப்பிட்டாங்களா?" என்றார் மேடம். இல்லை. "அப்ப போலாம், பேச வேண்டியிருக்காது."

அண்ணன் எங்களை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டார். மேடம்தான் அங்கே இறங்க வேண்டும் என்றார். அந்தப் பெண்கள் பஸ்ஸுக்கு நடந்த இரண்டு கிலோமீட்டரை அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். இருபத்தெட்டு நிமிடம். எனக்குக் கேட்கும்படி அதை ஒருமுறை சொன்னார்.

ஹால்ட்டில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். நன்றி போஸ்டரில் பதினோரு முகங்கள். மேடம் முகம் இல்லை. அவர் போஸ்டர் முன் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "எல்லாரும் நல்லா விழுந்திருக்காங்க" என்றார். மாவட்டப் பொறுப்பாளர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். ரயிலின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்திருந்தார். அவர் பேச்சு இந்தியாவுக்கு ரயில் வந்த இடத்தில் இருந்தபோது எங்கள் ரயில் வந்துவிட்டது. பாலத்தருகே நடந்து வந்து, நின்றது. பெண்கள் பேச்சு முடிவதற்காகக் காத்திருக்கவில்லை. நாங்களும் அவர்களோடு ஏறினோம். கொடியசைக்க அவர் கொடியைத் தேடி எடுப்பதற்குள் ரயில் புறப்பட்டது.

ஏறுவது சுலபமாக இல்லை. அங்கே நடைமேடை தரையோடு தரை. படி இடுப்பு உயரம். பூங்கொடிக்கு இப்போது ஆறாவது மாதம், இரண்டு பேர் மேலேயிருந்து இழுத்தார்கள், ஒருவர் கீழேயிருந்து தள்ளினார்.

உள்ளே செல்வி மேடத்துக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க இப்ப பதவில இல்லன்னு டி.வி.ல சொன்னாங்க."

"ஆமா, இல்லதான்."

"சரிங்க." ஜன்னல் வழியாக ஹால்ட்டைத் திரும்பிப் பார்த்தார். "வண்டி நிக்கிது. ஆனா படி ஒசரமா இருக்குங்க. புள்ளத்தாச்சி ஏற முடியல. நாளைக்கு யாராவது வுழுந்தா நிறுத்துனதே தப்புன்னுருவாங்க. பிளாட்பாரத்த ரெண்டடி தூக்கிக் குடுக்கணும்."

மேடம் அவரைப் பார்த்தார். "வண்டி நிக்கிது. படி ஒசரம். பிளாட்பாரம் ரெண்டடி ஒசரணும்."

"ஆமாங்க."

"ரஞ்சனி, எழுதிக்க."

"மேடம், நம்மகிட்ட இப்ப லெட்டர்ஹெட் இல்ல."

"பேப்பர் இருக்கா?"

கைப்பையில் துழாவினேன். அன்று மேடம் திருப்பிக் கொடுத்த, நான்காக மடித்த அந்த ஒரு பக்கம்தான் இருந்தது. பிரித்து, வெற்றுப் பக்கத்தில் எழுதினேன். கொள்ளிடம் பாலத்தில் ரயில் ஆடியதால் கடைசி இரண்டு வரி கோணல். பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மேடம் போடவில்லை. தான் அந்த ஊர்க்காரி இல்லை என்றார்.

திங்கட்கிழமை அந்த மனு உங்கள் அலுவலகத்துக்கு வரும். கொண்டுவருபவர் செல்வி, உங்கள் அலுவலகமும் மாடியில்தானாம், ஏறியதில் மூச்சு வாங்கும், உட்காரச் சொல்லுங்கள். அவருக்குப் பின்னால் கொண்டை போட்ட ஒருவர் வரிசையில் நிற்பார். யார் என்று சொல்லிக்கொள்ள மாட்டார், நீங்களும் கேட்க வேண்டாம். தாளின் ஒரு பக்கம் அச்சடித்து, சுத்தமாக, நிறைய விவரங்களோடு இருக்கும். அதைப் படிக்க வேண்டாம். கோணலாக இருக்கிற பக்கத்தைப் படித்துத் திருப்பிச் சொல்லுங்கள். செல்வி ஆமா என்ற பிறகு எண் போடுங்கள்.